ராகமையிலிருந்து வீட்டுக்குப் போன பிறகு: பங்குபற்றலை எதை வைத்து அளப்பது?

“முள்ளந்தண்டு வடம் காயப்பட்டவர்களின் சமூகப் பங்குபற்றல்” என்று ஆய்வுத் தலைப்பு எழுத இரண்டு நிமிடம் போதும். எந்த வினாக்கொத்தோடு போவது என்று முடிவெடுப்பதுதான் கடினம். கொழும்பில் இயன்மருத்துவமும் தொழிற்சிகிச்சையும் படிக்கிற தமிழ் மாணவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது: முன்பு யாரோ பயன்படுத்திய கருவியை, இணையத்தில் சும்மா கிடைக்கிறது என்பதற்காக, அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். கருவி கேட்காமல் விட்டது எதுவோ அது அறிக்கையிலும் வராது. பிறகு அந்த அறிக்கையைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். அதனால் இங்கே அந்தத் தெரிவை மட்டும் எடுத்துப் பேசுகிறேன். மனதில் வைத்திருப்பது கொழும்பிலிருந்து வேலை செய்கிற, பணமும் ஆட்களும் குறைந்த, தமிழ் பேசுவோரை நேர்காணப் போகும் சிறு குழு ஒன்று.

இந்தக் கேள்வி எழுவதற்கே ஒரு வரலாறு உண்டு. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கும்வரை, இப்படிக் காயப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சலத்தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் சீக்கிரமே இறந்தார்கள். உயிர் பிழைப்பது வழமையான பிறகுதான், பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்று கேட்க முடிந்தது. 2001இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட, செயற்பாட்டையும் வலுவிழப்பையும் பிரித்துப் பார்க்கும் ஐ.சி.எஃப். (ICF) வகைப்பாடு அந்தக் கேள்விக்குப் பங்குபற்றல் என்று தனி இடம் கொடுத்தது: வாழ்க்கைச் சூழல்களில் ஒருவர் ஈடுபடுவது. உலகில் இன்று ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் முள்ளந்தண்டு வடக் காயத்தோடு வாழ்கிறார்கள் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. நம் நாட்டில் மரத்திலிருந்தும் உயரத்திலிருந்தும் விழுந்தவர்கள், வீதி விபத்தில் சிக்கியவர்கள், யுத்தத்தில் காயப்பட்டவர்கள் என்று ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையின் வாட்டுகளைக் கடந்து போனவர்கள் ஏராளம். கடந்து எங்கே போனார்கள், அங்கே என்ன செய்கிறார்கள் என்பதுதான் நம் பொருள்.

சரி, முதலில் ஒரு கருவியைத் தள்ளி வைத்துவிடலாம். ஸ்கிம் (SCIM) என்று சொல்லப்படும் முள்ளந்தண்டு வடச் சுயசார்பு அளவை, இஸ்ரேலின் லோவன்ஸ்டைன் மருத்துவமனைக் குழுவினர் 1997இல் முதன்முதலில் வெளியிட்டது. இப்போது பரவலாகப் புழக்கத்தில் இருப்பது மூன்றாம் வடிவம். மொத்தம் 100 புள்ளிகள்: சுயபராமரிப்புக்கு 20, மூச்சுக்கும் சலமலக் கட்டுப்பாட்டுக்கும் 40, நடமாட்டத்துக்கு 40. அருமையான கருவிதான், ஆனால் வாட்டுக்கு உரியது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறத் தெரிந்தவர், அந்த நாற்காலியிலேயே ஆறு மாதம் வீட்டு முன்னறையில் இருந்துவிடலாம். ஸ்கிம்மில் அவருக்கு ஒரு புள்ளியும் குறையாது. காயத்தின் மட்டம், காயம் எவ்வளவு முழுமையானது என்று தரப்படுத்தும் ஏஷியா (ASIA) அளவு இவற்றோடு சேர்த்துப் பின்னணித் தகவலாக அதைக் குறித்துக்கொள்ளலாம். பங்குபற்றல் என்ற தலைப்பின் கீழ் அதைப் போட்டால் தேர்வாளர் கேட்பார், கேட்க வேண்டும்.

உண்மையான போட்டி மூன்று கருவிகளுக்கு இடையில். சார்ட் (CHART), ஹூடாஸ் (WHODAS), ஐ.பி.ஏ. (IPA).

சார்ட் 1992இல் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கிரெய்க் மருத்துவமனையிலிருந்து வந்தது. முள்ளந்தண்டு வடக் காயத்தை மனதில் வைத்தே செய்யப்பட்டது. எண்ணக்கூடியதைக் கேட்பது இதன் பலம். ஒரு நாளில் எத்தனை மணிநேரம் கட்டிலை விட்டு எழுந்திருக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் வீட்டை விட்டு வெளியே போகிறீர்கள், கடந்த வருடத்தில் எத்தனை இரவுகள் வெளியிடத்தில் தங்கினீர்கள், வேலைக்கும் படிப்புக்கும் வீட்டு வேலைக்கும் எத்தனை மணிநேரம். உடல்சார் சுயசார்பு, நடமாட்டம், தொழில், சமூக இணைவு, பொருளாதாரம் என்று ஐந்து பிரிவுகள் இருந்தன. அறிவாற்றல் சார்ந்த ஆறாவது பின்னால் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. 100 என்றால் வலுவிழப்பு இல்லாத ஒருவரின் சாதாரண நிலை.

அந்த ‘சாதாரண நிலை’ யாருடையது என்றால், அமெரிக்கருடையது. பொருளாதாரப் பிரிவு வீட்டு வருமானத்திலிருந்து கைக்காசில் செலவழித்த மருத்துவச் செலவைக் கழித்து அங்குள்ள வறுமைக்கோட்டோடு பார்க்கிறது. நமக்குத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டவாரியாக வறுமைக்கோடு வெளியிடுகிறது, அதை மாற்றிப் போடலாம் என்பார்கள். போடலாம்தான். ஆனால் அஸ்வெசும போன்ற கொடுப்பனவுக்கு விண்ணப்பித்திருக்கிற ஒரு வீட்டில், முன்பின் தெரியாத ஒருவர் படிவத்தோடு போய் வருமானத்தைக் கேட்டால் என்ன விடை வரும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை. சமூக இணைவுப் பிரிவும் கொஞ்சம் இடிக்கும். துணையோடு வாழ்கிறாரா என்பதற்கு அங்கே தனி எடை. மாடியில் பெரியம்மா, கீழே சித்தப்பா, நடுவில் தாய்தகப்பன் என்று வாழும் கொட்டாஞ்சேனைப் பையனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்காகப் புள்ளி குறைவது, அவனுடைய தனிமையைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லாது.

ஹூடாஸ் 2.0 உலகச் சுகாதார நிறுவனத்தினுடையது. கையேடு 2010இல் வந்தது. கடந்த 30 நாளில் இன்னின்ன காரியங்களில் எவ்வளவு சிரமம் என்று கேட்கிறது. 36 கேள்விகள் கொண்ட வடிவம் நேர்காணலாக நடத்தினால் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். 12 கேள்விக் குறுவடிவத்துக்கு 5 நிமிடம். விளங்கிக்கொள்ளல், நடமாட்டம், சுயபராமரிப்பு, மற்றவரோடு பழகுதல், அன்றாட வேலைகள், சமூகத்தில் பங்குபற்றல் என்று ஆறு பிரிவுகள். கொழும்பு ஆய்வாளருக்கு இதில் பெரிய வசதி: தமிழிலும் சிங்களத்திலும் ஏற்கனவே இருக்கிறது. மொழிபெயர்த்து, திருப்பி மொழிபெயர்த்து, நிபுணர் குழு கூட்டி, முன்சோதனை செய்து என்று மாதக்கணக்கில் போகும் வேலை பெருமளவு குறையும். முற்றாகத் தீராது. தமிழ் வடிவத்தின் பின்னணி சென்னை சார்ந்தது. நம்மவர்கள் சிலரிடம் வாசித்துக் காட்டி, எந்தக் கேள்வியில் முகம் சுளிக்கிறார்கள், எதைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த பகுதி ஆறாவது பிரிவு. திருவிழா, மதச் சடங்கு போன்ற சமூக நிகழ்வுகளில் மற்றவரைப் போல் கலந்துகொள்வதில் எவ்வளவு பிரச்சினை என்று நேராகவே கேட்கிறது. வெள்ளவத்தைக்காரருக்கு ஆடிவேல், கொச்சிக்கடைக்காரருக்கு அந்தோனியார் திருவிழா என்று உதாரணம் சொல்லிக் கேட்டால் விடை வந்து கொட்டும். சுற்றுப்புறத் தடைகள், மற்றவர்கள் நடத்தும் விதத்தால் மானத்தோடு வாழ்வதில் சிக்கல், குடும்பத்துக்கு வந்த கஷ்டம், பணச்செலவு எல்லாம் அதே பிரிவில் உண்டு.

பிடிக்காதவை இரண்டு. குறுவடிவத்தில் நடமாட்டத்துக்கு இரண்டே கேள்விகள்: 30 நிமிடம்போல் நின்றுகொண்டிருப்பது, ஒரு கிலோமீட்டர்போல் நடப்பது. சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் இவற்றைக் கேட்டால், காலி வீதியில் தினமும் கடை நடத்துபவரும் கதவைத் தாண்டாதவரும் ஒரே விடைதான் சொல்வார்கள். நமக்கு வேண்டிய கேள்வி, அதாவது வீட்டை விட்டு வெளியே போவதில் எவ்வளவு சிரமம் என்பது, 36 கேள்வி வடிவத்தில் இருக்கிறது; குறுவடிவத்தில் இல்லை. ஆகவே நேரம் மிச்சம் பிடிக்கக் குறுவடிவத்தை எடுக்கவே கூடாது, இந்த நோயாளர்களுக்கு. இரண்டாவது, வேலை பற்றிய நான்கு கேள்விகள். வேலையிலோ படிப்பிலோ இல்லாதவரிடம் அவை கேட்கப்படுவதில்லை. மிச்சம் 32 கேள்விகளுக்கே புள்ளி கணக்கிடப்படும். விதியாகப் பார்த்தால் நியாயம். ஆனால் மரமேறியும் மேசன் வேலை செய்தும் பிழைத்த ஒருவர் காயத்துக்குப் பின் வேலையே இல்லாமல் இருப்பதுதான் அவருடைய மிகப் பெரிய இழப்பு. அந்த இழப்புக்குப் புள்ளியில் இடம் இல்லாமல் போகிறது. ஒரு தனிக் கேள்வியாவது சேர்த்துக்கொள்ளாமல் ஹூடாஸ் மட்டும் போட்டால் இது உறைக்காது.

மூன்றாவது ஐ.பி.ஏ. 1990களின் இறுதியில் நெதர்லாந்தில் மிகே கார்டொல் குழுவினர் உருவாக்கியது. பெயரே பங்குபற்றல் மற்றும் தன்னாட்சி மீதான தாக்கம் என்று வரும். 32 கேள்விகள், ஐந்து பிரிவுகள்: வீட்டுக்குள் தன்னாட்சி, குடும்பத்தில் பங்கு, வெளியில் தன்னாட்சி, சமூக வாழ்வும் உறவுகளும், வேலையும் கல்வியும். எத்தனை முறை போனீர்கள் என்றோ எவ்வளவு சிரமம் என்றோ இது கேட்பதில்லை. நீங்கள் விரும்பும்போது, விரும்பும் விதத்தில் செய்ய உங்களுக்கு வாய்ப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறது. மிக நன்று முதல் மிக மோசம் வரை விடை. தானே செய்ய வேண்டியதில்லை; இன்னொருவரைக் கொண்டு, தான் சொன்னபடி செய்வித்தாலும் அது தன்னாட்சியே.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று பார்க்க, இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் வெள்ளவத்தையில் ஒழுங்குபட்ட வீட்டில் இருக்கும் முப்பது வயதுப் பெண். குடும்பத்துக்குக் கார் உண்டு. கல்யாண வீடு, கோயில், மாமி வீடு என்று வாரத்தில் மூன்று நான்கு நாள் வெளியே போகிறார். ஆனால் எப்போது போவது என்பது அண்ணனின் நேரத்தைப் பொறுத்தது, எங்கே போவது என்பது அம்மாவின் விருப்பத்தைப் பொறுத்தது. படித்த படிப்புக்கு ஒரு நேர்முகத் தேர்வு வந்தபோது, “இந்த நிலையில ஏன் பிள்ளை அலைச்சல்” என்று முடிந்துவிட்டது. மற்றவர் கிராண்ட்பாஸ் பக்கம் அடுக்குமாடியில் எட்டாம் தளத்தில் இருப்பவர், நாற்பது வயது, கீழே போனால் லிப்ட் வேலை செய்ய வேண்டும் என்பதால் வாரம் ஒருமுறை இறங்கினால் அதிசயம். வீட்டிலேயே கைப்பேசி திருத்துகிறார், சாமான் வாங்க யாரை அனுப்புவது, எவ்வளவு கூலி என்று அவரே தீர்மானிக்கிறார், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வட்ஸ்அப்பில் ஆசிரியரோடு பேசுகிறார்.

சார்ட்டின் நடமாட்டக் கணக்கில் அந்தப் பெண் எங்கோ மேலே நிற்பார். தொழில் பிரிவில் அடுக்குமாடிக்காரர் மேலே வருவார். ஹூடாஸில் இருவரும் நடுவில் எங்கேயோ அருகருகே விழுவார்கள் என்று நினைக்கிறேன். ஐ.பி.ஏ.யில்தான் அந்தப் பெண்ணின் கதை வெளியே வரும்: வெளியே போகிறார், ஆனால் போவது அவர் இல்லை, அவரைக் கூட்டிப் போகிறார்கள். அடுக்குமாடிக்காரரின் குடும்பப் பங்கு உயர்ந்தும், வெளியில் தன்னாட்சி தாழ்ந்தும் தெரியும். பிரச்சினை லிப்ட்டில் என்று விரல் வைத்துச் சொல்ல முடியும்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. “தன்னாட்சி என்பதே வெள்ளைக்காரர் கருத்து, நம் வீடுகளில் காயம் இல்லாத பெண்பிள்ளைகூட நினைத்த நேரத்துக்கு வெளியே போவதில்லையே” என்று சொல்வார்கள். பாதி உண்மை. அதற்கு வழி, கருவியைக் கைவிடுவதைவிட, அதே வீட்டில் காயம்படாத, வயதொத்த சகோதரியிடமும் வெளியில் தன்னாட்சி பற்றிய ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது. இடைவெளி இருந்தால் அது காயத்தால் வந்தது. இல்லாவிட்டால் அது வீட்டால் வந்தது. இரண்டும் எழுதத் தகுந்த முடிவுகள்தான். ஐ.பி.ஏ.யின் மெய்யான சிக்கல் வேறு: முறையான அனுமதி கேட்டு, முழுதாக மொழிபெயர்த்து, நம்பகத்தன்மை பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். முதுமாணி மாணவருக்கு அதுவே ஒரு ஆய்வு.

கியூபெக் ஆய்வாளர்களின் லைஃப்-எச் (LIFE-H) என்ற பங்குபற்றல் வினாக்கொத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். குறுவடிவமே 77 கேள்விகள். பொறுமையுள்ள நோயாளரும் நாற்பதாவது கேள்வியில் ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டத் தொடங்கிவிடுவார். பெரிய குழு, பெரிய நிதி என்றால் யோசிக்கலாம். சுவிட்சர்லாந்தின் நொட்வில் ஆய்வு மையத்தை மையமாகக் கொண்டு 22 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த, முள்ளந்தண்டு வடக் காயத்தோடு வாழ்பவர்கள் பற்றிய இன்சை (InSCI) கணிப்பின் வினாக்கொத்தும் இருக்கிறது. அதில் மலேசியாவும் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் சேர்ந்தன, இலங்கை சேரவில்லை. நாட்டளவில் ஒப்பிட நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். ஒரு மாணவர் தனியாகச் செய்ய அது ஏற்றதல்ல.

கருவியைவிடப் பெரிய தெரிவு இன்னொன்று இருக்கிறது, அதை முன்மொழிவில் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்: எங்கே போய்க் கேட்பது. கிளினிக்கிலா, தொலைபேசியிலா, வீட்டிலா?

கிளினிக்கில் கேட்பது மலிவு. ஒரே நாளில் பலரைப் பார்க்கலாம், கோப்பு கையருகே இருக்கும். ஆனால் பங்குபற்றலை அளக்கும் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமற்ற இடம் கிடையாது. கொழும்பிலிருந்து ராகமைக்கு ரயில் அடிக்கடி ஓடுகிறது, ஆனால் மேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள உயரத்தைச் சக்கர நாற்காலியோடு தாண்ட இரண்டு பேர் தூக்க வேண்டும். பஸ் பேச்சே இல்லை. ஓட்டோவோ வானோ பிடிக்கப் பணமும், கூட வர லீவு போடக்கூடிய ஒருவரும் இருப்பவர்தான் கிளினிக்குக்கு வந்து சேர்கிறார். வந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு ‘நடமாட்டம் திருப்திகரம்’ என்று எழுதினால், வராதவர்களை ஆய்விலிருந்து நாமே வெளியேற்றிவிட்டோம் என்று பொருள். மேற்சொன்ன மூன்று கருவிகளில் எதைப் போட்டாலும் இந்தச் சாய்வு போகாது.

தொலைபேசி மலையகத்துக்கும் வன்னிக்கும்கூட எட்டும். ராகமையில் சிகிச்சை முடித்துத் தூர இடங்களுக்குத் திரும்பியவர்களைப் பிடிக்க வேறு நடைமுறை வழி பலருக்கு இருக்காது. ஆனால் போனை எடுப்பது பெரும்பாலும் இன்னொருவர். சத்தமாகப் பேசும் போன், ஒற்றை அறை வீடு, பக்கத்தில் மாமியார். ஹூடாஸில் தாம்பத்தியம் பற்றிய கேள்வி ஒன்று உண்டு, ஐ.பி.ஏ.யிலும் நெருங்கிய உறவு பற்றி உண்டு. அந்த நிலையில் அவற்றுக்கு உண்மை விடை எதிர்பார்க்க முடியாது. எண்ணிக்கை கேட்கும் சார்ட் வகைக் கேள்விகள் போனில் நன்றாக ஓடும். தன்னாட்சிக் கேள்விகள் ஓடாது.

வீட்டுக்குப் போவது செலவு, அலைச்சல். முகவரி மாறியிருக்கும். இருந்தாலும் நான் அதையே சொல்வேன். வாசலில் எத்தனை படி, குளியலறைக் கதவு எவ்வளவு அகலம், தெருவில் மூடாத வடிகால் எங்கே என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். வலுவிழந்தோருக்கான 2006ஆம் ஆண்டின் அணுகல் ஒழுங்குவிதிகளும், அவற்றைப் பற்றி 2011 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் கொடுத்த கட்டளையும் பொதுக் கட்டடங்களுக்குத்தான் பேசின. ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்து முள்ளந்தண்டு காயப்பட்ட கலாநிதி அஜித் பெரேரா அந்த வழக்கை நடத்தியே அந்தக் கட்டளை வந்தது. வீட்டுக்கும் அந்தப் பொதுக் கட்டடத்துக்கும் இடையிலுள்ள ஒழுங்கையைப் பற்றி எந்தப் படிவமும் தானாகச் சொல்லாது. அதற்காகவே சூழலில் உள்ள தடைகளைக் கேட்கும் கிரெய்க் மருத்துவமனையின் 12 கேள்விப் பட்டியலையோ நொட்வில்லின் 14 கேள்விப் பட்டியலையோ கூடவே வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால், தடை ஒழுங்கையில் இருக்க, குறை நோயாளரில் இருப்பதுபோல் அறிக்கை வாசிக்கப்படும்.

ஆட்களைத் தேட கிளினிக் பதிவேட்டை மட்டும் நம்பாமல், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும், நேர்கண்ட ஒவ்வொருவரையும் “உங்களுக்குத் தெரிந்த, வெளியே வராத ஒருவர் இருக்கிறாரா?” என்று கேட்பதையும் பயன்படுத்துங்கள். வடக்கு ஆட்களும் வேண்டுமென்றால், மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே நடத்தும் உயிரிழை அமைப்போடு பேசாமல் தொடங்க வேண்டாம். அவர்களுக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். தவிர, ஆய்வாளர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனபிறகு ஒன்றும் திரும்பி வரவில்லை என்ற சலிப்பும் பலருக்கு இருக்கிறது. அதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. நேர்காண்பவராகக் காயம்பட்ட ஒருவரையே பயிற்றுவித்து அமர்த்தினால், சலக்குழாய், மலப்பழக்கம், கட்டிலறை விஷயங்களில் கூச்சம் பாதியாகும். அவருக்குச் சம்பளமும் வானும் கொடுக்க வேண்டும், ‘தன்னார்வலர்’ என்று சொல்லித் தப்பிக்கக்கூடாது.

ஆக, என் தெரிவு இது. ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டிய ஆய்வு என்றால் ஹூடாஸின் 36 கேள்வி வடிவத்தைப் போடுங்கள். ஆறு பிரிவுகளின் புள்ளிகளையும் தனித்தனியே அறிக்கையிடுங்கள், மொத்தப் புள்ளியை மட்டும் கொடுத்தால் நடமாட்டமும் பங்குபற்றலும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். கூடவே சார்ட்டைப் பார்த்து மூன்று நான்கு எண்ணிக்கைக் கேள்விகள், சார்ட் புள்ளி என்று பெயர் கொடுக்காமல், வெறும் எண்ணிக்கையாக: வாரத்தில் வெளியே போன நாட்கள், கட்டிலை விட்டு எழுந்திருந்த மணிநேரம், காயத்துக்கு முன்னும் இப்போதும் என்ன வேலை. வெளியில் தன்னாட்சி பற்றி, ஐ.பி.ஏ. கிடைக்காவிட்டாலும், “கடைசியாக வெளியே போனது யார் முடிவு?” என்று திறந்த கேள்வியாகக் கேட்டு விடையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வருடமும் ஒரு நல்ல மேற்பார்வையாளரும் இருந்தால், ஐ.பி.ஏ.யைத் தமிழில் முறைப்படி கொண்டுவருவதையே ஆய்வாக்குங்கள். அடுத்து வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பயன்படுத்தலாம்.

நூறு பேரைக் கிளினிக்கில் பார்ப்பதா, முப்பது பேரை வீட்டில் பார்ப்பதா என்று வந்தால் முப்பதைத் தெரிவு செய்யுங்கள். மாதிரி சிறிது என்று புள்ளிவிபரம் படிப்பித்தவர் குறைசொல்வார். கிளினிக்குக்கு வராத பத்துப் பேராவது அந்த முப்பதில் இருந்தால் அவரிடம் காட்ட உங்களிடம் ஏதோ இருக்கும். செலவுத் திட்டத்தில் ஓட்டோக் கூலியை அச்சுக் கூலிக்கு மேலே போடுங்கள், ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் சம்மதப் படிவத்தில் வீட்டார் இல்லாமல் தனியாகப் பேச இருபது நிமிடம் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.